போனேன், வாங்கினேன், வந்தேன்: ஆங்கில வினைச்சொற்கள் தடம் மாறாமல் எழுத – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சிலர் தமிழ் வழியில் படிக்கிறார்கள், சிலர் மலையாள வழியில். இன்னும் சிலர் தினமும் மலை இறங்கிக் கூடலூருக்கோ கம்பத்துக்கோ போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். பள்ளி எதுவானாலும், கட்டுரை நோட்டில் சிவப்பு மை அதிகம் படும் இடம் வினைச்சொல்தான். பிள்ளைகளும் பெற்றோரும் இதுபற்றிக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படியுங்கள்; பாதிப் பிழைகள் காதிலேயே பிடிபடும்.

டென்ஸ், வாய்ஸ், மூட் மூன்றும் மாறக்கூடாது என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

டென்ஸ் என்பது காலம். வாய்ஸ் என்பது செய்வினையா, செயப்பாட்டுவினையா என்பது. மூட் என்பது சொல்லும் பாங்கு: நடந்த செய்தியாகச் சொல்கிறோமா, இதைச் செய் என்று ஏவுகிறோமா, நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு பேசுகிறோமா என்பது.

"மாறக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சரியான விதி இது: காரணமில்லாமல் மாறக்கூடாது, காரணம் இருந்தால் மாறியே ஆக வேண்டும். "ஐ லிவ் இன் குமுளி நவ், பட் ஐ வாஸ் பார்ன் இன் தேனி" என்பதில் இரண்டு காலங்கள் உள்ளன. வசிப்பது இன்று, பிறந்தது அன்று. பிழையே இல்லை. "ஷி ஓபன்ட் தி டோர் அண்ட் சீஸ் எ ஸ்னேக்" என்பதில் கதவைத் திறந்ததும் பாம்பைப் பார்த்ததும் ஒரே நேரத்து நிகழ்ச்சி. அங்கே காலம் மாறக் காரணம் ஏதுமில்லை. "சா எ ஸ்னேக்" என்றுதான் எழுத வேண்டும்.

என் மகன் முதல் வாக்கியத்தைச் சரியாகத் தொடங்குகிறான். பாதியில் காலம் நழுவிவிடுகிறது. கவனக்குறைவா?

கவனக்குறைவு இல்லை. அவன் தமிழில் யோசிக்கிறான், அவ்வளவுதான். இதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். ஏனென்றால் இந்த ஒரு பிழைக்காகப் பிள்ளைகள் வாங்கும் திட்டு அநியாயமானது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "காலையில் எழுந்து, பல் துலக்கி, கடைக்குப் போய், பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்." செயல்கள் ஐந்து. வினைமுற்று ஒன்றே ஒன்று, கடைசியில் நிற்கும் "வந்தேன்". மற்றவை எல்லாம் வினையெச்சங்கள். கடைசிச் சொல்லை "வருவேன்" என்று மாற்றிப் பாருங்கள். எழுந்து, துலக்கி, போய், வாங்கிக்கொண்டு எதுவும் மாறவில்லை. ஆனால் முழு வாக்கியமும் நேற்றிலிருந்து நாளைக்குப் போய்விட்டது. நம் மொழியில் என்று நடந்தது என்பதையும் யார் செய்தார் என்பதையும் அந்த ஒரு முற்றே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்கும் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும். "ஐ வோக் அப், பிரஷ்ட் மை டீத், வென்ட் டு தி ஷாப், பாட் மில்க் அண்ட் கேம் ஹோம்." ஐந்து வினை, ஐந்தும் இறந்தகாலம். தமிழ்ப் பிள்ளையோ ஒரு வினையில் காலத்தைக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறது. அதனால்தான் "ஐ வென்ட் டு தி ஷாப் அண்ட் பை மில்க் அண்ட் கம் ஹோம்" என்று வருகிறது. முதல் வினையில் காலம் இருக்கிறது, மற்றவற்றில் இல்லை. தமிழில் கடைசி வினைக்கு இருக்கும் பொறுப்பை அவன் ஆங்கிலத்தில் முதல் வினைக்குக் கொடுத்திருக்கிறான்.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன், வினையெச்சங்களை எல்லாம் வினைமுற்றாக மாற்றச் சொல்லுங்கள்: எழுந்தேன். துலக்கினேன். போனேன். வாங்கினேன். வந்தேன். தமிழாகக் கேட்க இது முரடாக இருக்கும், இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு முற்றுக்கும் ஓர் ஆங்கில வினை. பத்து விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு பழக்கம் பலன் தரும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழிகளால்தான் குழப்பமா? வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மலையாளத்திலும் இதே வினையெச்சத் தொடர்தான்: கடயில் போயி, பால் வாங்ஙி, வீட்டில் வன்னு. போயி, வாங்ஙி என்பவை அங்கே எச்சமாகவும் வரும், தனியே நின்றால் இறந்தகால முற்றாகவும் வரும். தெலுங்கிலும் "வெள்ளி, கொனி, வச்சானு" என்று ஓடும். சித்தூர், நகரி பக்கம் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆக, மொழி எத்தனை என்பதில் சிக்கல் இல்லை. திராவிட மொழிகளின் வாக்கியக் கட்டு ஒரு விதம், ஆங்கிலத்தின் கட்டு வேறு விதம்.

இன்னொன்று. மலையாளத்தில் "ஞான் போயி, அவன் போயி, அவர் போயி" என்று ஆள் மாறினாலும் வினை மாறாது. தமிழில் போனேன், போனான், போனார்கள் என்று மாறும். இரண்டையும் தினமும் பேசும் பிள்ளைக்கு, வினைச்சொல்லின் மேல் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொன்றை ஏற்றுகிறது என்பது சொல்லாமலே தெரியும். எல்லையில் வளரும் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் சொத்து அது. தெரிந்ததை வெளியே எடுத்துக் காட்டினால் போதும்.

ஒரு பத்தியை எடுத்துத் திருத்திக் காட்ட முடியுமா?

ஏலத்தோட்ட வேலையைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எஸ்டர்டே மை மதர் வென்ட் டு தி எஸ்டேட். ஷி பிக் தி கார்டமம் அண்ட் புட் இட் இன் எ பேக். தென் தி பேக் இஸ் கேரீட் டு தி ஸ்டோர் பை ஹர். தி சூப்பர்வைசர் லுக்ஸ் அட் இட் அண்ட் ரைட் எ ஸ்லிப்."

முதல் வாக்கியம் சரி. "எஸ்டர்டே" என்ற சொல்லும் "வென்ட்" என்ற வினையும் காலத்தை நிறுத்திவிட்டன. இனி இந்தப் பத்தி முழுவதும் நேற்றில்தான் நடக்க வேண்டும்.

"பிக்" என்பது "பிக்ட்" ஆக வேண்டும். இந்தக் கடைசி "ட்" நம் பேச்சில் விழுங்கப்பட்டுவிடுகிறது. காதில் விழாததைக் கை எழுதாது. அதனால் இறந்தகால வினைகளைச் சொல்லும்போது வால் எழுத்தை அழுத்திச் சொல்லிப் பழக்குங்கள்: பிக்ட், வாஷ்ட், லுக்ட்.

"புட்" அப்படியே இருக்கலாம். புட், கட், ஷட் போன்றவை இறந்தகாலத்திலும் மாறாதவை. இங்கே பிள்ளை சரியாக எழுதியதா, தற்செயலாகச் சரியாக அமைந்ததா என்று தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு தடுமாற்றம். "இஸ்" என்று நிகழ்காலத்துக்கு வந்துவிட்டது. செய்வினையும் செயப்பாட்டுவினை ஆகிவிட்டது. இதுவரை கதையின் தலைவி அம்மா. அவர் போனார், பறித்தார், போட்டார். திடீரென்று பை எழுவாயாக வந்து உட்கார, அம்மா "பை ஹர்" என்று வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அம்மாதான் சுமந்தார் என்றால் அவரே எழுவாயாக இருக்கட்டும்: "தென் ஷி கேரீட் தி பேக் டு தி ஸ்டோர்."

கடைசி வாக்கியத்தில் "லுக்ஸ்" ஒரு விதம், "ரைட்" இன்னொரு விதம். இரண்டும் "லுக்ட் அட் இட் அண்ட் ரோட் எ ஸ்லிப்" என்று ஆக வேண்டும்.

இதே பிள்ளை நேற்று நடந்ததைச் சொல்லாமல் தினமும் நடப்பதைச் சொன்னால்? அப்போது முழுப் பத்தியும் "கோஸ், பிக்ஸ், புட்ஸ், கேரீஸ், லுக்ஸ், ரைட்ஸ்" என்று நிகழ்காலத்தில் போகும். எந்தக் காலத்தைத் தேர்ந்தாலும் சரிதான். முதல் வாக்கியத்தில் தேர்ந்ததைக் கடைசி வாக்கியம்வரை காப்பாற்ற வேண்டும்.

"மை கிராண்ட்ஃபாதர் வில் கோ டு தி ஃபாரஸ்ட் எவ்ரி டே இன் தோஸ் டேஸ்" என்று எழுதினேன். டீச்சர் தப்பு என்றார். தமிழில் "தாத்தா தினமும் காட்டுக்குப் போவார்" என்றுதானே சொல்கிறோம்?

சொல்கிறோம். தமிழில் எதிர்கால வடிவமே வழக்கமாக நடப்பதையும் சொல்லும். "அந்தக் காலத்தில் தாத்தா தினமும் போவார்" என்பது முழுக்க முழுக்க நல்ல தமிழ். ஆங்கிலத்தில் "வில்" பெரும்பாலும் இனி நடக்கப்போவதைத்தான் காட்டும். பழைய நாளின் வழக்கத்துக்கு "யூஸ்ட் டு கோ" என்றோ "வுட் கோ" என்றோ எழுத வேண்டும். "அந்தக் காலத்தில்" என்று தொடங்கும் தமிழ் வாக்கியத்தில் போவார், வருவார், சொல்வார் வந்தால் உடனே உஷாராகிவிடுங்கள்.

"ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே" சரியா? பெரியவர்கள்கூட இப்படி எழுதுகிறார்களே?

"நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்பதன் நேர் வார்ப்பு இது. தனியே நின்றால் "வென்ட்" போதும். "ஹேட்" வருவதற்கு, அதற்குப் பின் நடந்த இன்னொரு பழைய நிகழ்ச்சி அருகில் இருக்க வேண்டும்: "வென் வீ ரீச்ட் கம்பம், தி பஸ் ஹேட் லெஃப்ட்." நாம் சேர்ந்தது ஒரு நேரம், பஸ் கிளம்பியது அதற்கும் முன்பு. இரண்டு படி இருக்கும்போது மட்டும் "ஹேட்" எழுதுங்கள்.

செயப்பாட்டுவினையே எழுதக்கூடாதா?

தாராளமாக எழுதலாம், இடம் அறிந்து. முல்லைப்பெரியாறு அணையைப் பற்றிய பத்தி என்றால் "தி டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1895" என்பதே சரியான வாக்கியம். பேச்சு அணையைப் பற்றியது. அணை எழுவாயாக இருப்பது முறை. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் வைத்து நாம் வணங்கும் பென்னிகுவிக்கைப் பற்றிய பத்தி என்றால் "பென்னிகுவிக் பில்ட் தி டேம்" என்று அவரை முன்னால் நிறுத்த வேண்டும். செய்தி ஒன்றுதான். பத்தி யாரைப் பற்றியது என்பதுதான் வாய்ஸைத் தீர்மானிக்கிறது.

தேர்வுகளில் ஒரே வாக்கியத்தைச் செய்வினையிலிருந்து செயப்பாட்டுவினைக்கு மாற்றச் சொல்லிப் பழக்கியே, இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எங்கும் போடலாம் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் வளர்த்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு எப்போது மாற்றக்கூடாது என்றும் சொல்லித்தர வேண்டும்.

நடுவில் வாய்ஸ் மாறுவதால் வரும் பெரிய விபத்து இது: "ஆஃப்டர் ரீச்சிங் குமுளி, தி டிக்கெட்ஸ் வேர் பாட்." இதன்படி குமுளிக்கு வந்து சேர்ந்தவை டிக்கெட்டுகள்! "ஆஃப்டர் ரீச்சிங் குமுளி, வீ பாட் தி டிக்கெட்ஸ்" என்றால் வந்தவர்களும் நாம், வாங்கியவர்களும் நாம். இந்த நுணுக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். "முருகன் குளித்து, அம்மா சோறு போட்டாள்" என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். "செய்து" என்ற எச்சத்துக்கும் அதன் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் இலக்கணம். எழுவாய் வேறானால் "முருகன் குளித்ததும் அம்மா சோறு போட்டாள்" என்று எச்சத்தையே மாற்றிவிடுகிறோம். அந்தக் காதை ஆங்கிலம் எழுதும்போதும் திறந்து வைத்திருங்கள்.

மூட் மாறுவது என்றால் புரியவில்லை. உதாரணம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, செய்முறை எழுதும்போது. "வாஷ் தி ரைஸ், அண்ட் தென் யூ ஷுட் சோக் இட்" என்று தொடங்கி "தென் இட் இஸ் கிரவுண்ட்" என்று முடிப்பார்கள். முதலில் ஏவல், பிறகு அறிவுரை, பிறகு செய்தி. மாவு அரைப்பதற்குள் மூன்று குரல். "வாஷ், சோக், கிரைண்ட்" என்று ஏவலாகவே போனால் படிப்பவர் கை தானாக வேலை செய்யும்.

மற்றது "இஃப்" வரும் இடம். இதில் சற்று நிற்க வேண்டும்.

தமிழில் "மழை பெய்தால் வரமாட்டேன்", "நான் கலெக்டராக இருந்தால் இந்த ரோட்டைப் போடுவேன்" இரண்டும் ஒரே அச்சு. மழை பெய்யக்கூடும், நான் கலெக்டர் இல்லை. நடக்கக்கூடியதையும் கற்பனையையும் தமிழ் இங்கே ஒரே "-ஆல்" விகுதியில் சொல்லிவிட்டு, வேறுபாட்டைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. நடக்கக்கூடியது என்றால்: "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்." இனி நடப்பது என்பதால் "இஃப் இட் வில் ரெயின்" என்று எழுதத் தோன்றும், எழுதக்கூடாது. கற்பனை என்றால்: "இஃப் ஐ வேர் தி கலெக்டர், ஐ வுட் ரிப்பேர் திஸ் ரோட்." பிள்ளைகள் இரண்டையும் கலந்து "இஃப் ஐ வேர் தி கலெக்டர், ஐ வில் ரிப்பேர்" என்பார்கள். "வேர்" என்று கனவில் தொடங்கி "வில்" என்று நனவில் இறங்கிவிடுகிறது. வேர் போட்டால் வுட், நிகழ்காலம் போட்டால் வில் என்று ஜோடியாகவே மனதில் வையுங்கள்.

கைநழுவிப் போனதைப் பற்றிப் பேசும்போது "படித்திருந்தால் பாஸ் ஆகியிருப்பேன்" என்போம். அது "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹாவ் பாஸ்ட்." இங்கே தமிழும் ஆங்கிலமும் கைகோத்துப் போவதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

"வருகிறேன் என்று சொன்னான்" என்பதை எப்படி எழுதுவது?

தமிழில் "என்று" வந்துவிட்டால் அவன் சொன்ன காலம் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் "செட்" என்ற இறந்தகாலம் பின்னால் வரும் வினையையும் ஒரு படி பின்னுக்கு இழுக்கும்: "ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்." "நாளைக்கு வருவேன் என்றான்" என்பது "ஹி செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே." என்றும் மாறாத உண்மைக்கு மட்டும் விலக்கு உண்டு: "தி டீச்சர் செட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்." சார் சொன்னது நேற்று, பூமி சுற்றுவது இன்றும்தான்.

கதை சொல்லும்போது காலத்தை மாற்றுவது அழகு இல்லையா?

அழகுதான், தெரிந்து செய்தால். நம் இலக்கணமே இதற்கு இடம் தந்திருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாக முக்காலமும் மயங்கி வரலாம் என்கிறது நன்னூல். உள்ளே இருப்பவரை வாசலில் நின்று கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன்பே "வந்தேன், வந்தேன்" என்கிறார் அல்லவா? அது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைக் கண்டு "மழை பெய்தது" என்று சொல்வது தெளிவு. நான்குக்கும் காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதால்தான் அது வழுவமைதி, அதாவது இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் பிறழ்ச்சி; இல்லாவிட்டால் வழு, வெறும் பிழை.

ஆங்கிலத்திலும் கதையின் உச்சத்தில் நிகழ்காலத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. தாவினால் அந்தக் கட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு வாக்கியம் நிகழ்காலம், அடுத்தது இறந்தகாலம் என்று போனால் அதை யாரும் உத்தி என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பள்ளித் தேர்வில் இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

பாடப்புத்தகக் கதையைப் பற்றி எழுதும்போது எந்தக் காலம்?

நிகழ்காலம். "வள்ளுவர் கூறுகிறார்" என்று தமிழில் எழுதுவதைப் போலவே "வள்ளுவர் செஸ்". கதாபாத்திரங்கள் செய்வதும் நிகழ்காலத்தில் வரட்டும். எழுதியவரின் வாழ்க்கை, வரலாற்று நிகழ்ச்சி எல்லாம் இறந்தகாலம்: "தி ஃப்ளட் ஆஃப் 1924 டிஸ்ட்ராய்ட் தி ரயில்வே இன் மூணாறு."

தேர்வு முடியப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பொருளைப் பார்க்காதீர்கள், வினையை மட்டும் பாருங்கள். பென்சிலால் ஒவ்வொரு முற்று வினையின் அடியிலும் கோடு இடுங்கள். பிறகு கோடு இட்டவற்றை மட்டும் மேலிருந்து கீழே மெல்லிய குரலில் படியுங்கள்: வென்ட், பிக்ட், புட், இஸ் கேரீட்... "இஸ்" வந்ததும் நாக்கு தடுக்கும். தடுக்கிய இடத்தில் ஒரே கேள்வி: இங்கே காலமோ எழுவாயோ மாறக் காரணம் இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள். நேரம் போதவில்லை என்றால் பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களையாவது பாருங்கள். கை களைத்திருக்கும் அந்த இடத்தில்தான் காலம் அதிகம் நழுவுகிறது.